விழுந்தவனைத் தூக்கிவிடும் விளையாட்டு: ‘லெஃப்ட் 4 டெட் 2’ பற்றி ஒரு ரசிகனின் குறிப்புகள்

“மாமா, இதை எனக்குப் போட்டுத் தாங்கோ” என்று அக்காவின் மகன் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். கடந்த பாடசாலை விடுமுறையில், தம்பலகாமத்தில் அக்கா வீட்டு விறாந்தையில் நடந்தது இது. அவனுக்குப் பதினான்கு வயது. அவன் கேட்ட கேம் அவன் பிறப்பதற்கு முன்பே வெளிவந்தது: ‘லெஃப்ட் 4 டெட் 2’. குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது. “துவக்குச் சத்தம் கேக்கிற விளையாட்டா? இந்த வீட்டில அது வேணுமா?”

‘இந்த வீட்டில’ என்று அவள் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1998 பெப்ரவரி 1ஆம் திகதி தம்பலகாமம் பாரதிபுரத்தில் எட்டுப் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஏழு. இன்றைக்கும் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் அம்மா முதலில் கதவைச் சாத்துவார். என்ன சத்தம் என்று பிறகுதான் கேட்பார்.

நான் அந்தக் கேமைப் பதினான்கு வருடங்களாக விளையாடி வருகிறேன். ஆனாலும் அக்காவுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு வீடுகளிலும் தாய் தகப்பன்மார் இருக்கக்கூடும்.

என்ன கேம் இது?

‘லெஃப்ட் 4 டெட்’ முதற் பாகம் 2008 நவம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பாகம் சரியாக ஒரு வருடம் கழித்து, 2009 நவம்பரில். வெளியிட்டது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம். முதற் பாகத்தின் பின்னால் இருந்தவர்கள் டர்டில் ரொக் ஸ்டூடியோஸ் என்ற சிறிய குழுவினர். ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ கேமில், கத்தி மட்டும் வைத்திருக்கும் கணினி எதிரிகள் கூட்டமாக வந்தால் சில மனிதர்கள் சேர்ந்து எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று அவர்கள் செய்துபார்த்த பரிசோதனையில் இருந்துதான் இந்தக் கேம் பிறந்தது.

கதை சிக்கலில்லாதது. ஒரு தொற்றுநோய் பரவி மனிதர்கள் ஸொம்பிகளாக, நம் மொழியில் சொன்னால் நடைபிணங்களாக, மாறிவிட்டார்கள். தொற்றாத நான்கு பேர் ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குத் தப்பிப் போக வேண்டும். இரண்டாம் பாகத்தின் நால்வர் ஒரு சூதாடி, ஒரு மெக்கானிக், ஒரு பாடசாலைப் பயிற்றுநர், தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண். ஊடகக் கற்கை படித்தவன் என்பதால் நான் எப்போதும் அந்தப் பெண்ணையே தெரிவு செய்வேன்.

பெயருக்கு ‘சாகட்டும் என்று விட்டுவிட்டுப் போகப்பட்டவர்கள்’ என்று பொருள். நடுவில் இருக்கும் 4 என்ற இலக்கம் அந்த நால்வரையும் குறிக்கிறது. இரண்டாம் பாகத்தின் தொடக்கமே பெயரை விளக்கிவிடும். சவானா நகரத்தில் ஒரு ஹோட்டல் மொட்டைமாடிக்கு நால்வரும் மூச்சிரைக்க ஓடி வருகிறார்கள். மீட்பு ஹெலிகொப்டர் அவர்கள் கண்முன்னே பறந்து போகிறது. அதற்குப் பிறகு அவர்களுக்கு மிஞ்சியிருப்பது அவர்கள் மட்டும்தான்.

தனியே ஓடினால்

துவக்கு விளையாட்டுகளில் பெரும்பாலானவை திறமைசாலி ஒருவனை நாயகனாக்கும். இந்தக் கேமில் எவ்வளவு குறி தவறாமல் சுடுபவனும் தனியே போனால் சில நிமிடங்களில் செத்துப்போவான். விதிகளை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

சாதாரண ஸொம்பிகளைத் தவிர சில விசேட வகைகள் இருக்கின்றன. ஹண்டர் பாய்ந்து நெஞ்சில் ஏறி அமுக்கும். ஸ்மோக்கர் தூரத்தில் நின்று நீண்ட நாக்கால் சுற்றி இழுக்கும். ஜொக்கி தோளில் ஏறி வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போகும். சார்ஜர் முட்டித் தூக்கி நிலத்தில் அடிக்கும். இந்த நான்கில் ஒன்றிடம் வசமாக மாட்டிக்கொண்டவன் தன்னைத் தானே விடுவிப்பது அநேகமாக நடவாத காரியம். இன்னொருவர் வந்து காப்பாற்ற வேண்டும்.

உடல்நலம் முழுவதும் போனால் உடனே சாவதில்லை, விழுந்து கிடப்போம். படுத்தபடியே கைத்துப்பாக்கியால் சுடலாம், எழும்ப முடியாது. ஒரு தோழன் பக்கத்தில் வந்து, சில விநாடிகள் தன் சுடுதலை நிறுத்தி, கை கொடுத்துத் தூக்க வேண்டும். அந்த விநாடிகளில் தூக்குபவனும் ஆபத்தில் இருக்கிறான். இப்படி இரண்டு தடவை எழும்பலாம். காயத்துக்கு மருந்து கட்டாமல் மூன்றாவது தடவை விழுந்தால் மரணம். ஒவ்வொருவரும் சுமக்கக்கூடிய மருந்துப்பெட்டி ஒன்றே ஒன்று. அதை நான் கட்டிக்கொள்வதா, நொண்டி நொண்டி வருபவனுக்குக் கட்டுவதா என்ற முடிவு ஒவ்வொரு ஆட்டத்திலும் வரும். பங்கருக்குள் ஒரு போத்தல் தண்ணீரைப் பங்கிட்டவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல.

நண்பனின் குண்டு நண்பனிலும் படும் என்பது இன்னொரு விதி. பயத்தில் கண்டபடி சுட்டால் முன்னால் நிற்கும் தோழன்தான் முதலில் காயப்படுவான்.

கண்ணுக்குத் தெரியாத இயக்குநர்

இந்தக் கேமைப் பற்றி இன்றுவரை அதிகம் பேசப்படும் விடயம் அதன் ‘இயக்குநர்’. இது ஆளல்ல, ஒரு கணினி நிரல். முதற் பாகத்தின் பிரதான வடிவமைப்பாளர் மைக் பூத் 2009இல் இதன் உள்வேலையைப் பகிரங்கமாக விளக்கினார்.

ஒவ்வொரு ஆட்டக்காரரும் எவ்வளவு பதற்றத்தில் இருப்பார் என்று நிரல் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். அடிபட்டால் அந்த எண் ஏறும். விழுந்தால் இன்னும் ஏறும். ஸொம்பி மிக அருகில் வந்து செத்தாலும் ஏறும். எண் உச்சத்தைத் தொட்டதும் இயக்குநர் சில விநாடிகள் அப்படியே பிடித்துவைத்து, பின்னர் புதிய கூட்டங்களை அனுப்புவதை நிறுத்திவிடும். அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ அமைதி. மூச்சு வாங்கலாம், மருந்து கட்டலாம், தோட்டா நிரப்பலாம். பிறகு மீண்டும் தொடங்கும். எங்கே, எப்போது, எத்தனை என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால் ஒரே பாதையை நூறு தடவை நடந்தாலும் அலுக்காது.

எனக்கு இதில் உறைப்பது ஒன்றுதான். இந்த மனிதர்களால் இதற்கு மேல் தாங்க முடியாது, கொஞ்சம் விடு என்று இந்த உலகத்தில் ஒன்று இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கிறது. எங்கள் மேல் விழுந்த ஷெல்லுக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கவில்லை. பயத்தை அனுபவித்தவன் எதற்காகப் பயமுறுத்தும் விளையாட்டை விளையாட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். இங்கே பயத்துக்கு ஓர் அளவு இருக்கிறது, முடிவு இருக்கிறது, நிறுத்தும் பொத்தான் என் கையில் இருக்கிறது.

இது என் அனுபவம். எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இந்தச் சத்தங்களே பழைய இரவுகளைத் திருப்பிக் கொண்டுவருமானால் அவர்கள் இதைத் தொடவே வேண்டாம். பக்கத்து அறையில் இருப்பவரையும் நினைக்க வேண்டும். அம்மா வீட்டில் இருக்கும்போது நான் ஹெட்போன் இல்லாமல் விளையாடியதில்லை.

சுவரில் எழுதியவர்கள்

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் இரும்புக் கதவு போட்ட பாதுகாப்பு அறை ஒன்று வரும். நால்வரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் கட்டம் முடிந்தது. அந்த அறைகளின் சுவர்கள் முழுக்க எழுத்துகள். தங்களுக்கு முன்னர் அந்த வழியால் ஓடியவர்கள் எழுதிவிட்டுப் போனவை: ஆரைத் தேடுகிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள், ஆர் இறந்துபோனார்கள். சிலவற்றுக்கு அடியில் வேறொருவரின் பதில். வாசிக்காமலே கேமை முடிக்கலாம். பலர் வாசிப்பதில்லை.

எனக்கு வாசிக்கப் பழக்கியவன் என் மச்சான். சம்பூரில் இருந்த மாமியின் மகன். 2006இல் மூதூர் கிழக்கில் இருந்து சனம் இடம்பெயர்ந்தபோது அவர்கள் வாகரைப் பக்கம் போனார்கள். வழியில் மாமா பிரிந்துவிட்டார். தங்கியிருந்த ஒரு பாடசாலையின் சுவரில் மச்சான் கரிக்கட்டியால் வீட்டார் எல்லோரின் பெயரையும் எழுதி, “மட்டக்களப்புப் பக்கம் போறம்” என்று போட்டுவிட்டு வந்தான். மாமா அதைப் பார்த்தாரா என்று தெரியாது. இன்றுவரை அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பிறகு அவர்கள் கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தார்கள். சம்பூர்க் காணிகளின் ஒரு பகுதி 2015 ஓகஸ்டில்தான் மக்களிடம் திரும்பக் கையளிக்கப்பட்டது. 2011இல் மச்சான் திருகோணமலை நகரத்தில் கூலி வேலைக்கு வந்துபோவான். நானும் அவனும் இன்னும் இரண்டு நண்பர்களும் ஒரு நெட் கபேயில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து இந்தக் கேமை விளையாடத் தொடங்கினோம். பாதுகாப்பு அறைக்குள் போனதும் நாங்கள் மூவரும் தோட்டாவை எடுத்துக்கொண்டு வெளிக்கதவில் நிற்போம். அவன் மட்டும் சுவரைப் பார்த்தபடி நிற்பான். அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது.

“என்னடா பாக்கிறாய்? காசு போகுது” என்று ஒருநாள் கத்தினேன்.

“ஆர் ஆரைத் தேடுறாங்க எண்டு பாக்கிறன்” என்றான்.

அதற்குப் பிறகு நான் அவனை அவசரப்படுத்தியதில்லை.

பாதுகாப்பு என்ற சொல் எங்களுக்கு எப்படிப்பட்டது என்பது வாசகர்களுக்குத் தெரியும். 2009 ஜனவரியில் வன்னியில் முதலாவது பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. அடுத்தடுத்து அறிவிக்கப்பட்ட வலயங்களுக்குள்ளும் அரச படைகளின் ஷெல் விழுந்ததையும், தப்பி வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. இந்தக் கேமில் இரும்புக் கதவைச் சாத்தினால் அந்தக் கட்டம் உண்மையில் முடிந்துவிடும். ஒரு விளையாட்டுக்காரன் கொடுத்த வாக்கு அங்கே காப்பாற்றப்படுகிறது.

கேம் எண்ணிக்கையாக்கியவர்கள்

ரசிகன் என்பதற்காகக் குறையை மறைக்கக் கூடாது. ஒரு கதைப்பகுதி முடிந்ததும் சினிமாவைப் போலப் பெயர்ப்பட்டியல் ஓடும். நால்வரில் இறந்தவர் இருந்தால் அவர் நினைவாக என்று பெயர் வரும். கொல்லப்பட்ட ஸொம்பிகளுக்கு வருவது ஒரு மொத்த எண்ணிக்கை. அந்த ஸொம்பிகளும் அந்த ஊரில் வாழ்ந்த சனம்தான். நோய் வந்ததைத் தவிர அவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. அவர்களுக்குப் பெயரில்லை, குடும்பமில்லை, சுடுவதற்கு முன் யோசிக்க வேண்டியதுமில்லை. ஸொம்பிக் கதைகள் எல்லாவற்றினதும் வசதியும் ஆபத்தும் இதுதான். ‘அவர்கள் மனிதர்களே அல்ல’ என்று முதலில் சொல்லிவிட்டால் மிச்சம் எல்லாம் இலகு. எண்ணிக்கையாக்கப்பட்ட சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கேமைச் செய்தவர்களுக்கும் இது ஓரளவு தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இரண்டாம் பாகத்தின் கடைசிப் பகுதி நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் நடக்கிறது. 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது கைவிடப்பட்ட நகரம் அது. அங்கே பாலத்தின் மறுகரையில் இருந்து வானொலியில் பேசும் இராணுவத்தினருக்குத் தெரிய வேண்டியிருப்பது, இந்த நால்வரும் தொற்றுக்கு உட்படாதவர்களா என்பது. மீட்க வந்தவனின் கண்ணிலும் அவர்கள் முதலில் சந்தேக நபர்கள். சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகப் புரியும்.

அக்காவுக்கு என் பதில்

ஐரோப்பிய வயதுத் தரப்படுத்தலில் இது 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான கேம். அமெரிக்காவில் 17. அவுஸ்திரேலியா 2009இல் இதற்கு அனுமதி மறுத்து, இரத்தக் காட்சிகள் குறைக்கப்பட்ட பதிப்பையே விற்கவிட்டது. முழுப் பதிப்புக்கு 2014இல்தான் அனுமதி கிடைத்தது. ஆகவே பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு விளையாடும்போது காதில் விழும் தூஷண வார்த்தைகளும் ஒரு காரணம். வயது வந்தவர்கள் தொடங்குவதென்றால் தெரிந்த நண்பர்களோடு தொடங்குங்கள். ஆள் குறைந்தால் மிச்ச இடத்தைக் கணினியே நிரப்பும். பழைய கணினியிலும் ஓடும்.

மருமகனுக்கு ‘போர்ட்டல் 2’ போட்டுக் கொடுத்தேன். அதே வால்வ் நிறுவனம் 2011இல் வெளியிட்ட புதிர் விளையாட்டு. அதில் இருவர் சேர்ந்து விளையாடும் பகுதி ஒன்று உண்டு. ஒருவர் கதவைத் திறந்து பிடித்தால்தான் மற்றவர் போகலாம். முதல் நாள் என்னைக் குழிக்குள் விழுத்திவிட்டுச் சிரித்தான். மூன்றாம் நாள் “மாமா, நீங்க அதில நில்லுங்கோ, நான் வாறன்” என்றான். சுடாமலும் இதைப் பழகலாம்.

மச்சான் 2012இல் படகேறி அவுஸ்திரேலியா போய்விட்டான். அவனுக்கு அங்கே இன்னும் நிரந்தர விசா இல்லை. அவன் போன பிறகு நெட் கபேயில் அவனுடைய இடத்தில் கணினி ஆடியது. குறி தவறாமல் சுடும், ஆனால் சுவரைப் பார்த்து நிற்காது. நாங்கள் இரண்டு பேரும் விளையாட்டை விட்டுவிட்டோம். 2020இல், கொரோனாக் காலத்தில், ரசிகர்களே சேர்ந்து உருவாக்கிய பெரிய புதுப்பிப்பு ஒன்றை வால்வ் இந்தக் கேமுக்கு வெளியிட்டது. அந்தக் கிழமை மச்சானிடம் இருந்து போன் வந்தது. “வாறியா?” என்றான்.

இப்போது சனிக்கிழமை இரவுகளில் விளையாடுகிறோம். அவனுக்கு அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். ஆங்கிலம் நன்றாக வந்துவிட்டது. பாதுகாப்பு அறைக்குள் போனதும் சுவரில் உள்ளதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டுவான். எல்லாம் பல தடவை வாசித்தவைதான். வாசித்து முடியும்வரை நான் கதவடியில் நிற்பேன்.