நுரையீரலுக்குள் சென்ற ஊசி



‘நெஞ்சில் ஊசி செலுத்திச் சதை எடுக்க வேண்டும்’ என்று மருத்துவர் கூறினால், நம் சுவா வட்டாரத் தோட்டப்புறக் குடும்பங்கள் கலங்கிவிடுகின்றன. ‘ஊசி பட்டால் நோய் பரவும்’ என்பாரும் உளர். ‘பயாப்சி’ எனப்படும் இத்திசு ஆய்வின் வரலாற்றை அறிந்தால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டா என்பது விளங்கும்.

1883-இல் ஜெர்மானிய மருத்துவர் லைடன், நிமோனியா கண்டவரின் நுரையீரலில் ஊசி செலுத்திக் கிருமியைத் தேடினார். 1886-இல் பிரான்சின் மெனெத்ரியே அவ்வழியிலேயே புற்றுநோயைக் கண்டறிந்தார். ராண்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டதோ 1895-இல்! ஆக, ஊசிமுனை எங்கே செல்கிறதென்று காணாமலேயே அவர்கள் குத்தினர். பின்னர் வந்த தடித்த வெட்டூசிகளால் இரத்தப்போக்கும் உயிரிழப்பும் நேர்ந்தன. பழைய அச்சம் காரணமற்றதன்று.

1960களில் ஜப்பானியர் இக்கெடா, மூச்சுக்குழாய்க்குள் வளைந்து செல்லும் நோக்குக்குழாயை உருவாக்கினார். 1970களில் சி.டி. ஸ்கேன் வந்தது. மெல்லிய ஊசியைப் படத்தில் பார்த்தவாறே செலுத்த முடிந்தது.

எனினும் ஆபத்து முற்றிலும் நீங்கவில்லை. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, வெளியிலிருந்து ஊசி செலுத்தப்பட்ட 15,865 பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. நூற்றுக்குப் பதினைவருக்கு நுரையீரலில் காற்றுக்கசிவு ஏற்பட்டது. ஏறத்தாழ எழுவருக்கு நெஞ்சில் குழாய் பொருத்த நேர்ந்தது. இரத்தப்போக்கு நூற்றில் ஒருவருக்கே. மிதிவண்டி டியூபில் முள் தைத்தாற்போல் எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் வெளியேறும் காற்று விலாக்கூட்டினுள்ளேயே தங்கி நுரையீரலை அமுக்குகிறது. சிறு கசிவு தானே ஆறும். புகைபிடித்துப் பழுதுற்ற நுரையீரலில் இவ்வாபத்து மிகுதி.

ஊசித்தடத்தில் புற்று பரவுவது மிக மிக அரிது. அதற்கு அஞ்சி மறுப்போர் இழப்பதே பெரிது. காசநோயும் புற்றும் எக்ஸ்ரே படத்தில் ஒன்றுபோல் தோன்றக்கூடும், மருந்தோ வெவ்வேறு.

மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்புதல் படிவத்தைப் பாட்டி தாத்தாவுக்குத் தமிழில் படித்துச் சொன்ன பின்னரே கையொப்பம் பெறுங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்பவராயின் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவியுங்கள்; தாமாக நிறுத்திவிட வேண்டா. காற்றுக்கசிவு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும். வீடு திரும்பியபின் திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் இரத்தம் மிகுந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.