சிறுநீரகத்தில் துருப் பிடிக்குமா? ஒரு மாத்திரை நம்பிக்கையின் வரலாறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கே.கே. நகர் உழவர் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் தெருவில் குடியிருக்கும் சார் ஒருவர் வழிமறித்தார். பெல் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷுகர் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. கையில் ஒரு கேப்சூல் அட்டை.

"தம்பி, நீங்கதான் இதெல்லாம் தேடிப் படிக்கிறவராச்சே. இது கிட்னிய காப்பாத்துமா? ஆன்டிஆக்சிடன்ட்னு போட்டிருக்கு. பாய்லர் ட்யூப்ல துருப் பிடிக்கிற மாதிரி ஷுகர்காரன் உடம்புல துருப் பிடிக்குமாம். இது அதை நிறுத்துமாம்."

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வைட்டமின் ஈ, வைட்டமின் சி, ஆல்ஃபா லிபோயிக் அமிலம், செலினியம், துத்தநாகம். "படிச்சுட்டு சொல்றேன் சார்" என்று நழுவிவிட்டேன். படித்ததில் கிடைத்தது ஆமாம், இல்லை என்ற ஒரு வரி பதில் இல்லை. ஐம்பது ஆண்டுக் கதை ஒன்று. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். முன்பே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, வெறும் பி.இ.

துரு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

டென்ஹாம் ஹார்மன் என்பவர் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்துவிட்டு, பிறகு மருத்துவம் படித்தவர். பெட்ரோலிய வேதியியலில் 'ஃப்ரீ ராடிக்கல்' எனும் துடிப்பான மூலக்கூறுகளோடு பழகியவர். உடம்புக்குள்ளும் அவை உருவாகி செல்களை அரிக்கின்றன, முதுமை என்பதே அதுதான் என்று 1956-இல் எழுதினார். அப்போது பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. 1969-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் இருவரும், இந்த மூலக்கூறுகளில் ஒன்றான சூப்பராக்ஸைடை அழிப்பதற்கென்றே நம் உடம்பில் ஒரு நொதி இருப்பதைக் காட்டினார்கள். வீட்டுக்கு வாட்ச்மேன் போட்டிருக்கிறார்கள் என்றால் திருடன் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? ஹார்மனின் பேச்சுக்கு மவுசு வந்தது.

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் முடிச்சுப் போட்டவர் நியூயார்க்கின் மைக்கேல் பிரவுன்லீ. சிறுநீரக வடிகட்டி, விழித்திரை, நரம்பு ஆகிய இடங்களில் உள்ள சில செல்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால், உள்ளே வரும் சர்க்கரையை அவற்றால் குறைத்துக்கொள்ள முடியாது. அந்த அதிகப்படி சர்க்கரையை எரிக்கும்போது மைட்டோகாண்ட்ரியா அளவுக்கு மீறி சூப்பராக்ஸைடைக் கக்குகிறது. சேதத்தின் பல வழிகளும் அங்கிருந்தே கிளைக்கின்றன. 2001-இல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது. அழகான விளக்கம். ஆய்வகத்தில் நிறையவே நிரூபிக்கப்பட்டதும்கூட.

துரு உண்மை என்றால் துரு நீக்கி வேலை செய்ய வேண்டும். யாராக இருந்தாலும் இப்படித்தான் யோசிப்போம்.

நம்பிக்கை தந்த 36 பேர்

1999-இல் பாஸ்டனின் ஜாஸ்லின் நீரிழிவு மையம் ஒரு சிறிய சோதனையை வெளியிட்டது. டைப் 1 சர்க்கரை நோயாளிகள் 36 பேருக்குத் தினம் 1800 யூனிட் வைட்டமின் ஈ. சர்க்கரை நோயின் ஆரம்பத்தில் சிறுநீரகம் தேவைக்கு மேல் வேகமாக வடிகட்டும். அதுவே ஒரு கெட்ட சகுனம். வைட்டமின் ஈ எடுத்தபோது அந்த வேகம் இயல்புக்கு இறங்கியது. விழித்திரையின் ரத்த ஓட்டமும் சீரானது.

சோதனை நடந்தது சில மாதங்களே. அளந்தது ஓட்டத்தையும் வேகத்தையும். யாருக்கு டயாலிசிஸ் தள்ளிப்போனது, யார் கூடுதல் நாள் வாழ்ந்தார் என்பதெல்லாம் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. அந்தக் கேள்விக்கு ஆயிரக்கணக்கான பேரும் பல வருஷங்களும் வேண்டும்.

ஒரே பந்தயத்தில் இரண்டு குதிரைகள்

அப்படி ஒரு பெரிய சோதனை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பெயர் 'ஹோப்'. நடத்தியது கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். முன்னின்றவர் கேரளத்தின் கொட்டாரக்கராவில் பிறந்த சலீம் யூசுஃப். 19 நாடுகள், ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர், அவர்களில் 3577 பேர் சர்க்கரை நோயாளிகள்.

அந்தச் சோதனையின் வடிவமைப்பு என்னை மாதிரி ஆட்களுக்கு விருந்து. ஒரே கூட்டத்தில் இரண்டு மருந்துகளைச் சோதித்தார்கள். ஒன்று, 400 யூனிட் வைட்டமின் ஈ. இன்னொன்று ராமிப்ரில், ரத்த அழுத்த மாத்திரை. சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஏதாவது ஒன்று, சிலருக்கு இரண்டுமே டம்மி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆகவே துரு நீக்கியும் அழுத்தக் குறைப்பானும் ஒரே களத்தில், ஒரே மாதிரி மனிதர்கள் மேல் மோதின.

முடிவு 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வந்தது. ராமிப்ரில் எடுத்த சர்க்கரை நோயாளிகளிடம் சிறுநீரில் புரதம் பெருமளவு ஒழுகும் கட்டத்துக்குப் போனவர்கள் 24 சதவீதம் குறைவு. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 25 சதவீதம் குறைவு. வைட்டமின் ஈ? இதயத்துக்கும் ஒன்றுமில்லை, சிறுநீரகத்துக்கும் ஒன்றுமில்லை. அதே ஆட்களைச் சுமார் ஏழு வருஷம் வரை தொடர்ந்து பார்த்த அறிக்கை 2005-இல் வந்தது. வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு சற்றுக் கூடுதலாக வந்திருந்தது.

ரிப்போர்ட் நல்லா இருந்தது, ஆள்தான் நல்லா இல்லை

இதற்குப் பிறகு நடந்த இரண்டு சோதனைகள்தான் என்னை உண்மையிலேயே உலுக்கின.

முதலாவது கனடாவில், 238 நோயாளிகள், ஏற்கெனவே சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அதிக அளவில் ஃபோலிக் அமிலம், பி6, பி12. இவை நேரடியான ஆன்டிஆக்சிடன்ட் இல்லை. ரத்தக் குழாயைக் கெடுப்பதாகக் கருதப்பட்ட ஹோமோசிஸ்டீனைக் குறைக்கும் என்று கொடுத்தார்கள். ஆனால் 'சத்து மாத்திரைதானே, என்ன கெடுதல்' என்ற அதே மனநிலை. 2010-இல் முடிவு வந்தது. ஹோமோசிஸ்டீன் அளவு சொன்னபடி குறைந்திருந்தது. ஆனால் மூன்று வருஷத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் டம்மி மாத்திரைக்காரர்களுக்கு 10.7 புள்ளி இறங்க, வைட்டமின்காரர்களுக்கு 16.5 புள்ளி இறங்கியிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் அவர்களுக்கே அதிகம்.

இரண்டாவது, பார்டாக்ஸலோன் என்ற மருந்து. வெளியிலிருந்து துரு நீக்கியை ஊற்றாமல், உடம்பின் சொந்த துருத் தடுப்பு மரபணுக்களையே முடுக்கிவிடும் சுவிட்ச் இது. புற்றுநோய்க்காகச் சோதித்தபோது நோயாளிகளின் கிரியேட்டினின் குறைவதைக் கவனித்து இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், 'உப்பு' இறங்கியது. 2011-இல் 227 பேரிடம் நடந்த சோதனையில், இறங்குமுகமாகவே இருக்கும் வடிகட்டும் திறன் மேலே ஏறியது. பெரும் பரபரப்பு. அடுத்து 2185 பேரிடம் பெரிய சோதனை. அது 2012 அக்டோபரில் பாதியில் நிறுத்தப்பட்டது. வடிகட்டும் எண் அப்போதும் அழகாகவே ஏறியிருந்தது. ஆனால் இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து, டம்மி எடுத்தவர்களில் 55 பேர். மருந்து எடுத்தவர்களில் 96 பேர்.

எங்கள் தொழிலில் இது தெரிந்த கதை. எரர் வந்த கோரிக்கைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் சர்வரின் வேகம் டேஷ்போர்டில் பிரமாதமாகத் தெரியும். எல்லாம் பச்சை. வாடிக்கையாளர் மட்டும் போனில் கத்திக்கொண்டிருப்பார். எண் என்பது நோயாளியின் நிழல்தான். நிழலை நிமிர்த்தினால் ஆள் நிமிர மாட்டார்.

ஏன் பலிக்கவில்லை?

துரு உவமையிலேயே கோளாறு இருக்கிறது. குழாயில் துரு வெறும் கெடுதல். உடம்பில் அந்த மூலக்கூறுகள் தபால்காரர் வேலையும் பார்க்கின்றன. இன்சுலினின் கட்டளையைச் செல்லுக்குள் கடத்துவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழிப்பது சரியான வழி இல்லை.

இரண்டாவது, கணக்கு. ஒரு வைட்டமின் மூலக்கூறு ஒரு கெட்ட மூலக்கூறைத்தான் அணைக்கும். உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும்போது கைக்குட்டையால் துடைக்கிற மாதிரி. இதைச் சொன்னவர் எதிரி யாரும் இல்லை, கொள்கையைத் தந்த பிரவுன்லீயேதான் வழக்கமான ஆன்டிஆக்சிடன்ட்கள் இந்த இடத்தில் பலிக்காது என்று விளக்கினார். அட்டையில் அவருடைய கொள்கை இருக்கிறது, எச்சரிக்கை இல்லை.

வைட்டமின் சி-க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அளவு மீறினால் உடம்பில் அதன் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறும். பழுதான சிறுநீரகத்தில் அது படிந்து பாதிப்பைக் கூட்டலாம்.

சென்னைக்குப் பக்கத்தில் நடந்தது

பலித்தது என்ன என்பதற்கு கனடா வரை போக வேண்டியதில்லை. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் ஒரு திட்டம் நடத்தினார். 2003-இல் சர்வதேச சிறுநீரக இதழில் அது பதிவானது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று சில சொட்டு ரசாயனம் விட்டுப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. கோளாறு தெரிந்தவர்களை டாக்டர் பார்ப்பார். கொடுத்த மருந்துகளும் மிகப் பழைய, மிக மலிவானவை: அழுத்தத்துக்கு ரிசர்பின், ஹைட்ரலசின், ஹைட்ரோகுளோரோதயசைட், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைட். தலைக்கு வருஷச் செலவு 30 அமெரிக்க சென்ட்டுக்கும் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தன.

இதில் கேப்சூல் இல்லை, பளபள அட்டை இல்லை. தேடிப் போய்ப் பார்த்தார்கள் என்பதுதான் மருந்து. சென்னை நகரில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வு 2007-இல் சொன்னது, சர்க்கரை நோயாளிகளில் 26.9 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் சிறிதளவு ஆல்புமின் ஒழுகிக்கொண்டிருந்தது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது. பார்த்தால்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் ராமிப்ரில் வகை மாத்திரைகளும், 2019-க்குப் பிறகு உறுதியான ஆதாரத்தோடு வந்திருக்கும் 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளும் உதவும். டாக்டர் பார்த்து, ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் சோதித்துக் கொடுக்க வேண்டியவை அவை. நாமாக மெடிக்கலில் வாங்குவது அல்ல.

சாரிடம் இதையெல்லாம் சொல்ல நேரமில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "சார், யூரின்ல ஆல்புமின் டெஸ்ட் எப்ப எடுத்தீங்க?"

யோசித்தார். "ஷுகர் மாசாமாசம் பாக்குறேன் தம்பி. இது... எடுத்ததில்லையே."

பதினைந்து வருஷம்.

மறுவாரம் எடுத்துவிட்டார். அளவு 30-க்குள் இருக்க வேண்டும், அவருக்கு 74. ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போய் அழுத்த மாத்திரையை மாற்றி வாங்கி வந்திருக்கிறார். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அந்தக் கேப்சூல் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அட்டையில் இன்னும் ஆறு பாக்கி இருந்ததாக ஞாபகம்.