ஃபொயிலின் முதல் வழக்கும் கொலைகாரன் இல்லாத சாவும்

துப்பறியும் நாடகம் பாக்கேக்க எல்லாரும் செய்யிற வேலையைத்தான் நானும் செய்தன். பத்தாவது நிமிசத்திலேயே கொலைகாரன் ஆரெண்டு கணக்குப் போட்டன். கணக்குப் பிழைச்சுப்போச்சு. 'ஃபொயில்ஸ் வோர்' தொடரின் முதல் எபிசோட், 'த ஜேர்மன் வுமன்'. 2002 ஒக்ரோபரில் பிரித்தானியாவின் ஐடிவியில் வந்தது. எழுதியவர் அன்ரனி ஹொரோவிற்ஸ். கொலைகாரன் பெயரை நான் சொல்லப்போறதில்லை, பயப்பிடாமல் வாசிக்கலாம்.

கதை நடப்பது 1940 மே மாதம், இங்கிலாந்தின் தெற்குக் கரையில் உள்ள ஹேஸ்ரிங்ஸ் ஊரில். நீதவான் ஒருவரின் மனைவி கிறேற்றா. அவ ஜேர்மன்காரி. குதிரையில் போகும்போது பாதைக்குக் குறுக்கே யாரோ கட்டிவிட்ட கம்பியில் அகப்பட்டுச் சாகிறா. ஊருக்கு அவவில் ஏற்கெனவே கோபம். மற்ற ஜேர்மன்காரரை எல்லாம் பிடிச்சுக்கொண்டு போகேக்க, இவ மட்டும் பெரிய வீட்டில் வசதியாக இருக்கிறா. புருசனின் செல்வாக்கு. விசாரிக்க வருபவர் ஃபொயில். மைக்கல் கிச்சன் நடிச்சிருக்கிறார். குரலை உயர்த்தவே மாட்டார். வாயைக் கொஞ்சம் கோணலாக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார், எதிரில் நிற்பவர் உளறத் தொடங்கிவிடுவார். இதில் இளம் ஜேம்ஸ் மக்கவோயும் றோசமண்ட் பைக்கும் இருக்கினம். இருவரும் பெரிய நட்சத்திரங்களாக முந்தின காலம்.

ஆனால் இந்த எபிசோட்டில் இன்னொரு சாவும் இருக்கு. கிறேமர் என்ற வயசான ஜேர்மன் தம்பதியைப் பிடிச்சுக்கொண்டு போகினம். தடுப்பில் இருக்கேக்க மனைவி எல்சி செத்துப்போறா. அந்தச் சாவுக்குக் கொலைகாரன் இல்லை, விலங்கு மாட்ட ஆளில்லை. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நீளும் நாடகம் கிறேற்றாவைக் கொன்றவரைத் தேடி ஓடுது. எல்சி கதையின் ஓரத்தில் நிற்கிறா. எனக்கு மனசில் நின்றது அந்த ஓரம்தான்.

அது கற்பனையில் வந்த ஓரமில்லை. 1939 இலையுதிர் காலத்தில் பிரித்தானியா நாடு முழுக்க விசாரணைக் குழுக்கள் அமைத்தது. அங்கே இருந்த ஜேர்மனியரும் ஒஸ்திரியரும் 70,000 பேருக்கு மேல், ஒவ்வொருவராக அவற்றின் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. ஏ என்றால் உடனே உள்ளே. பி என்றால் கட்டுப்பாடுகளோடு வெளியே. சி என்றால் ஆபத்தில்லாதவர். ஏ பிரிவில் விழுந்தவர்கள் சுமார் 600 பேர்தான். மிகப் பெரும்பாலானோர் சி. அவர்களிலும் பெரும்பங்கு ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடிவந்த அகதிகள், அதிகமானோர் யூதர்கள். சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. ஒரே மாதிரியான ஆளுக்கு ஒரு ஊர்க் குழு பி கொடுக்கும், பக்கத்து ஊர்க் குழு சி கொடுக்கும்.

பிறகு 1940 மே 10. ஜேர்மன் படை ஹொலண்ட், பெல்ஜியத்துக்குள் புகுந்தது. அதே நாள் சேர்ச்சில் பிரதமரானார். இரண்டே நாளில், கரையோர மாவட்டங்களில் இருந்த 16 முதல் 60 வயது வரையான ஜேர்மன், ஒஸ்திரிய ஆண்களைத் தூக்கத் தொடங்கினார்கள். சி பிரிவுக் கடுதாசி வைத்திருந்தாலும் சரி. அடுத்து நாடு முழுக்க பி பிரிவு ஆண்கள், பெண்கள். யூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இத்தாலியர்கள். மொத்தமாகச் சுமார் 27,000 பேர், அதில் பெண்கள் சுமார் 4,000. பெண்கள் பலரை முதலில் லண்டன் ஹொலோவே சிறைக்குக் கொண்டுபோய், பிறகு மான் தீவுக்கு அனுப்பினார்கள்.

இன்னும் ஆயிரக்கணக்கானோரைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். 1940 யூலை 1 லிவர்பூலில் இருந்து கனடாவுக்குப் புறப்பட்ட 'அரண்டோரா ஸ்ரார்' கப்பலை, மறுநாள் காலை அயர்லாந்துக்கு மேற்கே ஜேர்மன் நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்தது. 800 பேருக்கு மேல் செத்தார்கள். அதிகம் பேர் இத்தாலியர்கள். காலம்காலமாகக் கோப்பிக்கடையும் ஐஸ்கிறீம் கடையும் வைத்திருந்த மனிசரும் அதில் இருந்தார்கள். இதற்குப் பிறகுதான் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் சத்தம் கூடியது, ஒவ்வொரு வகையினராக விடத் தொடங்கினார்கள்.

நாடகத்தோடு எனக்குள்ள பிணக்கு இதுதான். ஃபொயில் நல்ல மனிசன். போர் நடந்தாலும் கொலை கொலைதான், கொன்றவன் போருக்கு எவ்வளவு தேவைப்பட்ட ஆளாக இருந்தாலும் விட ஏலாது என்று நிற்கிறார். எபிசோட்டின் கடைசிக் காட்சி அதாலதான் இவ்வளவு நல்லா வந்திருக்கு. ஆனால் உண்மையில் விடியக் காலமை கதவைத் தட்டினது ஃபொயில் மாதிரியான ஊர்ப் பொலிஸ்காரர்தான். பலர் மரியாதையாகத்தான் தட்டினார்கள், பெட்டி அடுக்க நேரமும் கொடுத்தார்கள். அந்த மரியாதையான பொலிஸ்காரனைத் தொடர் காட்டத் துணியவில்லை. காட்டியிருந்தால் ஃபொயிலை இவ்வளவு இலகுவாக விரும்ப ஏலாது.

பிரித்தானியா இதைத் தன் தீவில் மட்டும் செய்யவில்லை. எங்கட தியத்தலாவையில், 1900இல் போவர் கைதிகளை வைத்திருந்த அதே மலையில், 1939இல் ஜேர்மனியருக்கு முகாம் போட்டது. தொடந்துவ தீவுத் துறவி மடத்தை நிறுவிய ஞானதிலோக தேரர் அதில் ஒருவர். முதலாம் உலகப்போரிலும் அவரைத் தியத்தலாவையில் அடைத்து, பிறகு அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து அதே கதை. அவருடைய மாணவர் ஞானபொனிக தேரரோ யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் ஜேர்மனியில் அவர் யூதர், பிரித்தானியரின் இலங்கையில் ஜேர்மனியர். இருவரையும் பிறகு இந்தியாவின் டேராடூன் முகாமுக்கு மாற்றினார்கள். திரும்பி வந்தது 1946இல், போர் முடிந்து ஒரு வருசம் கழிச்சு.

விசாரணை இல்லாமல் உள்ளே போடுறதைப் பற்றி இந்த நாட்டில் இருக்கிற எங்களுக்கு ஆரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அதுக்காகவே இந்த எபிசோட்டை இரண்டாம் தரம் பாக்கச் சொல்லுவன். முதல் தரம் கிறேற்றாவுக்காக, இரண்டாம் தரம் எல்சிக்காக.

அடுத்த எபிசோட் 'த வைட் ஃபெதர்'. பிரித்தானியாவுக்குள்ளேயே இருந்த நாசி அபிமானிகளின் கதை. அவர்களின் உண்மையான தலைவர் ஒஸ்வல்ட் மொஸ்லியையும் 1940 மே மாதம்தான் உள்ளே போட்டார்கள். மான் தீவில் அகதித் தம்பதிகள் புருசன் ஒரு முகாம், மனுசி ஒரு முகாமாகக் கிடந்தார்கள். சேர்ந்து இருக்க ஒரு முகாம் திறந்தது 1941இல்தான். அதே வருசக் கடைசியில் மொஸ்லிக்கும் மனைவிக்கும் ஹொலோவே சிறை வளவுக்குள் ஒரு வீடு கிடைத்தது. சேர்ச்சில் தலையிட்டுக் கிடைத்த வீடு.