கான்கிரீட் வீடும் பிளக் பாயிண்டும்: தமிழக இல்லங்களில் மின்முனையின் இடம் குறித்த வரலாற்றாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மின்மயமாக்கம் குறித்த வரலாறுகள் பெரும்பாலும் அணை, மின்நிலையம், கம்பித்தடம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. வீட்டினுள் மின்சாரம் எந்த இடத்தில் கைக்கு எட்டியது என்னும் வினா அவற்றில் எழுவதில்லை. கான்கிரீட் தரையும் கூரையும் கொண்ட வீடு தமிழகத்தில் பரவியபோது, மின்முனையின் இடத்தைத் தீர்மானிக்கும் வாய்ப்பு வீட்டில் வாழும் காலத்திலிருந்து வீட்டைக் கட்டும் காலத்திற்கு நகர்ந்தது. பின்னாளில் ஒரு பிளக் பாயிண்டைச் சேர்ப்பதில் உள்ள இடர்ப்பாடும் ஆபத்தும் இந்நகர்வின் விளைவுகளே என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: மின்மயமாக்கம், கான்கிரீட் வீடு, பிளக் பாயிண்ட், சமையலறை, அரசு வீட்டுத் திட்டங்கள்.

முன்னுரை

சென்னையில் மின்சார டிராம் 1895இல் ஓடியது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும் மேட்டூர் நீர்மின் நிலையம் 1937இலும் இயங்கத் தொடங்கின. சென்னை மாநில மின்சார வாரியம் 1957இல் அமைந்தது. இந்த ஆண்டுகள் எல்லா வரலாற்று நூல்களிலும் இடம்பெறுவன. ஆனால் மீட்டர் பெட்டியைத் தாண்டி அம்மிக்கும் அடுப்புக்கும் அருகே மின்சாரம் சென்று சேர்ந்த கடைசிச் சில அடிகளின் வரலாறு எழுதப்படவில்லை. அந்தச் சில அடிகளே இக்கட்டுரையின் களம். மின்பொறியியல் கலைச்சொற்கள் பல இருப்பினும், கொத்தனாரும் எலெக்ட்ரீஷியனும் குடும்பத்தாரும் ஒருசேரப் புழங்கும் ‘பாயிண்ட்’ என்ற சொல்லே இங்கு ஆளப்படுகிறது. அச்சொல்லுக்கு வரலாற்றுப் பொருளும் உண்டு. வயரிங் வேலையின் மதிப்பீடு பாயிண்ட் கணக்கில் போடப்படுவதால், ஒரு வீட்டில் எத்தனை பாயிண்ட் என்பது அவ்வீட்டார் எவ்வளவு செலவழிக்க முடிந்தது என்பதன் கணக்கும் ஆகும்.

மரச்சட்டத்தின் காலம்

மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரையமைப்பில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்டு இறுக்குவர். அத்தகைய வீடுகளுக்குள் மின்சாரம் நுழைந்தபோது வீடு ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருந்தது. எனவே கம்பி சுவரின் மேற்பரப்பிலேயே ஓடியது. முதலில் பீங்கான் கிளீட்டுகளிலும் மர கேசிங்கிலும், பின்னர் ரப்பர் உறையிட்ட கம்பியாக மரச்சட்டத்தின் மீது கிளிப்புகள் கொண்டும் அது பொருத்தப்பட்டது. அழகு குறைந்த முறைதான். ஆயினும் அதில் ஒரு நெகிழ்ச்சி இருந்தது. புதிய பாயிண்ட் வேண்டுமெனில் சட்டத்தை நீட்டித் திருகாணி முடுக்கினால் போதும். சுவர் சிதையாது, கம்பி செல்லும் தடமும் கண்ணுக்குத் தெரியும்.

மரத்தரை வீடுகள் மிகுந்த இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் தரைப்பலகைக்குக் கீழுள்ள வெற்றிடத்தில் கம்பியை இழுத்துச் சுவரின் அடிப்பகுதியில் பாயிண்ட் வைக்க இயன்றது. தமிழக வீட்டுத் தரைக்குக் கீழே வெற்றிடமில்லை. மண்ணும் மணலும் கொட்டி இறுக்கி, அதன்மேல் சுண்ணாம்புக் கலவையோ பின்னாளில் சிமெண்ட் கான்கிரீட்டோ இட்டு, சிவப்புக் காவி பூசிய தரை அது. மேலும் அது தண்ணீர் ஊற்றிக் கழுவப்படும் தரை. ஆகவே பாயிண்ட் சுவரில் ஏறி, விளக்குச் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் மார்பளவு உயரத்தில் அமர்ந்தது. அரைப்பதும் இடிப்பதும் தரையில் அமர்ந்து செய்யும் வேலைகளாக இருந்த வீட்டில் மின்முனை மட்டும் நிற்போர் உயரத்தில் இருந்தது. தரையில் வைத்த கிரைண்டருக்குச் சுவரிலிருந்து தொங்கும் கம்பி, இவ்விரு உயரங்களுக்கும் இடையிலான பொருத்தமின்மையின் சான்றாகும்.

கூரை வார்க்கும் நாள்

வலுவூட்டிய கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 முதன்முதலாக 1953இல் வெளியானது. அடுத்த பத்தாண்டுகளில் ‘தளம் போட்ட வீடு’ என்பது நடுத்தர வர்க்கத்தின் இலக்காகவே மாறிற்று. இதனோடு வந்ததே மறைவு வயரிங். சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்தபின், கலவை கொட்டுவதற்கு முன்னுள்ள குறுகிய இடைவேளையே எலெக்ட்ரீஷியனுக்குரியது. கீழ்க்கம்பி வரிசையின் மேலே குழாய்களைப் படுக்க வைத்துக் கட்டுகம்பியால் இறுக்குகிறார். மின்விசிறிப் பெட்டியைப் பொருத்துகிறார். சாந்து புகாதபடி குழாய் வாய்களைக் காகிதத்தாலோ சாக்குத் துணியாலோ அடைக்கிறார். ஏறத்தாழ 5 அங்குலக் கனமுள்ள தளத்தில் அதற்குமேல் இடமில்லை. கலவை வண்டியின் சக்கரத்தில் ஒரு குழாய் நசுங்கினால், அது பல வாரங்கள் கழித்துக் கம்பி இழுக்கும்போதுதான் தெரியவரும்.

வீட்டின் மின்வரைபடம் அந்த அரைநாளில் உறைந்துவிடுகிறது. எந்தச் சுவரில் எந்தப் பாயிண்ட் என்பதைச் சொல்ல அன்று அங்கே நிற்பவர் யார் என்பது சமூக வரலாற்றாசிரியர் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலும் வீட்டுத் தலைவரும் மேஸ்திரியும்தாம் நின்றனர். சமையலறையில் நாள்முழுதும் நிற்கப் போகிறவரோ, பின்னாளில் வாடகைக்கு வரப் போகிறவரோ அங்கில்லை. மரச்சட்டக் காலத்திலும் உரிமை வீட்டுக்காரருடையதே. எனினும் அப்போது மறந்துபோன ஒன்றைப் பின்னர் சேர்ப்பது மலிவாக இருந்தது. கான்கிரீட் மறதிக்கு விலை வைத்தது.

சமையலறையின் மூன்றாம் துளை

உருண்டை முள் கொண்ட பிரித்தானிய பிளக் வகை இந்தியாவில் நிலைத்து, 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என இரண்டாகப் புழங்கியது. பின்னர் இவை 6, 16 எனத் தரப்படுத்தப்பட்டன. சிறியது விளக்குச் சுற்றோடும், பெரியது ‘பவர் பாயிண்ட்’ என்ற பெயரில் தனிச் சுற்றோடும் இணைந்தது. பவர் பாயிண்டுக்குக் கனத்த கம்பியும் தனிக் குழாயும் தேவை என்பதால், வீட்டுக்கு ஒன்றிரண்டு என அது சுருங்கியது.

கோயம்புத்தூரில் 1955இல் உருவானதாகக் கூறப்படும் வெட் கிரைண்டர் இக்கணக்கைக் கலைத்தது. அரைக் குதிரைத்திறன் மோட்டாரின் மின்னோட்டத்தைச் சிறிய பாயிண்டே தாங்கும். இங்கே சிக்கல் மின்னளவில் இல்லை, நிலத்தொடர்பில் இருந்தது. விளக்குச் சுற்றிலிருந்து கிளை பிரித்துப் பின்னர் சேர்த்த பாயிண்டுகளில் இரு கம்பிகள் மட்டும் இழுக்கப்பட்டுப் பச்சைக் கம்பி விடுபடுவதுண்டு. முகப்பில் மூன்று துளை இருக்கும். மேல்துளைக்குப் பின்னால் எதுவும் இராது. கான்கிரீட் தரையின் இயல்பை இங்கு மறக்கலாகாது. ஈரமேறிய கான்கிரீட் மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்தவல்லது. அடித்தளக் கம்பிகளையே நிலத்தொடர்பு முனையாகக் கொள்ளும் பொறியியல் முறை இப்பண்பின் மேல் எழுந்ததே. உலோக உடல் கொண்ட எந்திரம், ஈரக்கை, வெறுங்கால், கழுவிய சிமெண்ட் தரை ஆகியன ஒன்றுகூடும் இடம் தமிழகச் சமையலறை. உலர்ந்த மரத்தரையில் சிறு அதிர்ச்சியாகக் கடந்துபோகக்கூடிய கசிவு, இங்கே உயிரைப் பறிக்கக்கூடியது.

விளக்குக் கணக்கில் அமைந்த வீடுகள்

ஏழையர் வீட்டில் அரசு மின்சாரத்தை எவ்வாறு கற்பனை செய்தது என்பதற்குத் திட்ட ஆவணங்களே சான்று. குடிசைகளுக்கான மின் இணைப்பு தொடக்கத்தில் ஒரேயொரு விளக்கை மட்டுமே அனுமதித்தது. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 2010இல் தொடங்கியது. 2011இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீட்டுக்குச் சூரிய மின்சக்தியில் எரியும் 5 விளக்குகளை வழங்கியது. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. இல்லத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒளி உண்டு என்ற இச்சிந்தனை பாராட்டத்தக்கதே. ஆயினும் மின்சாரம் இங்கு ஒளியாகவே எண்ணப்பட்டுள்ளது, வேலைசெய்யும் விசையாக அன்று.

அதே 2011 செப்டம்பரில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டமும் தொடங்கியது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 2006இல், இலவசத் தொலைக்காட்சித் திட்டம் வந்திருந்தது. ஆக, ஒரு கை வீட்டை விளக்குக் கணக்கில் வார்த்தது. மறுகை அவ்வீட்டுக்குள் பிளக் தேவைப்படும் கருவிகளை அனுப்பியது. விலையில்லாப் பொருள்கள் குறித்த நெடிய அரசியல் விவாதங்களில் இவ்விடைவெளி பேசப்படாமற் போனது வியப்பே. இடைவெளியை நிரப்பியது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஒரே பாயிண்டில் தொலைக்காட்சியும் மிக்சியும் கைப்பேசியும் தொங்கும் காட்சியை வறுமையின் ஒழுங்கின்மை என வாசிப்பது பிழை. வார்ப்பு நாளில் கேட்கப்படாத தேவைகளின் பட்டியல் அது.

சுவர் கொத்துதல்

கான்கிரீட் தரை வீட்டில் புதிய பாயிண்ட் கீழிருந்து வர இயலாது. மேலுள்ள தளத்தையும் தொடலாகாது. தளத்தின் அடிக்கம்பியை மூடியிருப்பது, இயல்பான சூழலுக்கு ஐ.எஸ். 456இன் 2000ஆம் ஆண்டுத் திருத்தம் குறிக்கும் குறைந்தபட்ச அளவின்படி, 20 மி.மீ. கான்கிரீட்டே. அதனை வெட்டினால் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். தூணும் உத்தரமும் அவ்வாறே விலக்கப்பட்டவை. எஞ்சுவது செங்கற்சுவர். அருகிலுள்ள சுவிட்ச் போர்டிலிருந்து காடி வெட்டிக் குழாய் பதித்துப் பூசுவதே வழி. 9 அங்குலச் சுவர் இதனைப் பொறுக்கும். 4½ அங்குலத் தடுப்புச் சுவரில் நீண்ட கிடைக்காடி வலுவைக் கெடுக்கும். தேர்ந்த எலெக்ட்ரீஷியன் காடியை நேர்செங்குத்தாக இறக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மறைந்த கம்பி பாயிண்டுக்கு நேர்மேலே இருக்கும் என்ற எதிர்பார்ப்பே, நாளை அங்கு ஆணி அடிப்பவரின் உயிர்க்காப்பு. குறுக்காக வெட்டிய காடி செலவை மிச்சப்படுத்தி அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்குகிறது.

வாடகை வீட்டில் இவ்வழியும் பெரும்பாலும் அடைபட்டது. காடி வெட்ட வீட்டுக்காரரின் இசைவு வேண்டும், செலவு குடியிருப்பவருடையது, காலிசெய்யும்போது பாயிண்ட் சுவரோடு தங்கிவிடும். அதனால் வாடகையாளர் சுவரைத் தொடாமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையே நாடுகிறார். அது அவரோடு அடுத்த வீட்டுக்கும் செல்கிறது.

காடி மூடிய இடத்தில் பூச்சும் வண்ணமும் சற்றே வேறுபட்டு நிற்கும். அத்தழும்புகளைக் கால வரிசையில் வாசிக்க இயலும். கூடத்தில் தொலைக்காட்சிக்காக இறங்கிய காடி, அடுக்களை மேடைமேல் மிக்சிக்காக வெட்டியது, படுக்கையறையில் குளிர்சாதனத்துக்காக மீட்டர் பெட்டியிலிருந்தே தனியாக இழுத்தது என ஒவ்வொன்றும் ஒரு பொருள் வீட்டுக்குள் வந்த காலத்தைக் காட்டும். கல்வெட்டும் ஓலையும் சான்றாகும் வரலாற்றியலில் பூச்சுத் தழும்பையும் ஆவணமாகக் கொள்ளத் தடையில்லை. வண்ணம் பூசும் ஒவ்வொரு முறையும் அழியக்கூடிய ஆவணம் என்பதால் பதிவு செய்வதில் விரைவு வேண்டும்.

அண்மைக் காலத்து அடுக்குமாடிக் கட்டுமானத்தில் அலுமினிய அச்சுப் பலகைகளைக் கொண்டு சுவரும் தளமும் ஒருசேரக் கான்கிரீட்டாக வார்க்கப்படுகின்றன. சுவருக்குள்ளும் கம்பிவலை இருப்பதால் காடி வெட்டச் செங்கல்லே இல்லை. வார்ப்புக்கு முன் பொருத்திய பெட்டிகளே இறுதியானவை. அங்குக் குடியேறுவோர் கூடுதல் பாயிண்ட் கேட்டால் எலெக்ட்ரீஷியன் சுவரின் மேற்பரப்பில் பிளாஸ்டிக் கேசிங் ஒட்டிக் கம்பியைக் கொண்டுசெல்கிறார். மெட்ராஸ் டெரஸ் வீட்டின் மர கேசிங் ஓடிய அதே தடத்தில், வாசற்படியின் மேல்விளிம்பைச் சுற்றி, சுவர் மூலையை ஒட்டி அது இறங்குகிறது.