பெயர் மாறிய பெர்லின்

பாடசாலை விடுகைப் பத்திரம் கேட்டு வரும் பெற்றோருள் சிலர், தாம் குடும்பத்தோடு கனடா தேசத்துக்குக் குடிபெயரவிருப்பதாகக் கூறுவதுண்டு. ஊர் யாதென வினவினால் பெரும்பாலும் ரொறன்ரோ என்பதே விடையாகும். சென்ற தவணையில் வந்த தந்தையார் ஒருவரோ கிச்சினர் என்றார். அங்கு வீட்டு வாடகை யாது, பனி எத்துணை பெய்யும் என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடமாயிருந்தன. அந்நகருக்கு அப்பெயர் வாய்த்த வரலாற்றை அவர் கேள்வியுற்றிருக்கவில்லை. அன்று அவருக்குக் கூறியதையே இன்று நேயர்களுக்கும் கூற விழைகின்றேன்.

ரொறன்ரோவுக்கு மேற்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவில், ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ளது கிச்சினர். 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் 256,885 பேர். எல்லை எங்கே முடிகின்றதென்று தெரியாவண்ணம் அதனோடு ஒட்டி நிற்கும் இரட்டை நகரம் வாட்டர்லூ. 1957 இல் அங்கே தோன்றிய பல்கலைக்கழகமே இன்று நம் இளைஞர் பலரை அத்திசைக்கு ஈர்க்கின்றது.

நிலத்தின் கதையை முதலில் நோக்குவோம். அமெரிக்கச் சுதந்திரப் போரிலே ஆங்கிலேயர் பக்கம் நின்று தம் தாயகத்தை இழந்த ஆறு குலத்தாராகிய ஆதிக்குடிகளுக்கு, கிராண்ட் ஆற்றின் இருமருங்கிலும் அவ்வாறு மைல் அகல நிலத்தை 1784 இல் ஆளுநர் ஹல்டிமண்ட் வழங்கினார். சில ஆண்டுகளுள்ளேயே அதிற் பெரும்பகுதி துண்டுதுண்டாகக் கைமாறியது. அந்நிலத்தில் நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கும் குறைவானதே இன்று அவர்களிடம் எஞ்சியுள்ளது. கைமாறிய துண்டங்களுள் ஒன்றிலே அறுபதினாயிரம் ஏக்கரைப் பென்சில்வேனியாவிலிருந்து வந்த மெனோனைற்று என்னுங் கிறித்தவ சமயத்தார் கூட்டாக வாங்கினர். அவர்கள் ஜேர்மன் மொழி பேசுவோர்; ஆயுதம் ஏந்துவதைப் பாவமெனக் கொள்வோர். 1807 இல் வந்து குடியேறிய யோசேப்பு ஷ்னைடர் பின்னர் கட்டிய வீடு இன்றும் அரும்பொருட்காட்சிச் சாலையாய் நிற்கின்றது.

அவர்களைத் தொடர்ந்து ஜேர்மனியிலிருந்தே கைவினைஞர் பலர் வந்தனர். 1830களில் ஊருக்குப் பெர்லின் என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1856 இல் இருப்புப்பாதை வந்தது. தோல், தளபாடம், இறப்பர் ஆகிய தொழில்கள் பெருகின. 1910 இல் நயாகராவின் மின்வலு அவ்வூரை எட்டியது. 1912 இல் அது மாநகரமாக உயர்ந்தது.

ஈராண்டு கழிந்ததும் போர் மூண்டது. மன்னர் பக்கம் நின்று போர்புரியும் நாட்டிலே பகைவர் தலைநகரின் பெயர் தாங்கிய நகரம்! பூங்காவில் 1897 இல் நிறுவிய முதலாம் வில்லியம் பேரரசரின் மார்பளவுச் சிலையை 1914 ஆகஸ்டில் இளைஞர் சிலர் ஏரிக்குள் தள்ளினர். மீட்டெடுத்த சிலை ஜேர்மானியர் கழகமொன்றில் வைக்கப்பட்டிருந்தது. 1916 பெப்ரவரியில், அவ்வூரிலேயே திரட்டப்பட்ட 118 ஆம் படைப்பிரிவினர் அக்கழகத்துட் புகுந்து பொருள்களைச் சூறையாடி அதனைத் தூக்கிச் சென்றனர். அடுத்த மாதம் லூதரன் போதகர் ஒருவரை அவர் இல்லத்திலிருந்து தெருவுக்கு இழுத்து அடித்தனர். இரண்டு தலைமுறையாகக் கனடாவையே தம் நாடெனக் கொண்டு வரி செலுத்தியவர்கள், தம் விசுவாசத்தை நிறுவவேண்டிய நிலைக்கு ஆளாயினர்.

1916 மே 19 இல் பெயரை மாற்றலாமா என வாக்கெடுப்பு நிகழ்ந்தது. ஆம் என்றோர் 1,569 பேர். இல்லை என்றோர் 1,488 பேர். எண்பத்தொரு வாக்கிலே ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பெயர் அழிந்தது. புதுப் பெயர் தேடும்போது, போர் மந்திரி கிச்சினர் பிரபு ஜூன் 5 இல் கப்பலோடு கடலில் மூழ்கி மாண்ட செய்தி வந்தது. அவர் பெயரும் பட்டியலிற் சேர்ந்து, 346 வாக்குப் பெற்று வென்றது. புரொக் என்னும் பெயர் பெற்றது 335. மே மாதம் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்த நகரிலே இவ்வளவு சிலரே வெற்றிப் பெயரைத் தெரிந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், ஏனையோரின் மௌனம் சினத்தினால் விளைந்ததோ அச்சத்தினால் விளைந்ததோ என ஐயுறுகின்றேன். செப்டெம்பர் முதலாந் திகதி பெர்லின் கிச்சினராயிற்று.

1874 இல் இந்தப் பெர்லினிற் பிறந்தவரே மக்கென்சி கிங். 1939 இல் மற்றைப் பெர்லினை எதிர்த்துக் கனடாவைப் போருக்கு இட்டுச் சென்ற பிரதமரும் அவரே. அவர் சிறுவயதில் வாழ்ந்த வுட்சைட் இல்லம் இன்று தேசிய வரலாற்றுத் தலம். ஒடுங்கியிருந்த ஜேர்மானியமோ, 1969 முதல் ஆண்டுதோறும் ஒக்ரோபர் விழாவாக ஊரெங்கும் முழங்குகின்றது. புறநகர்ப் பாதைகளிலே பழைய ஒழுக்கம் வழுவாத மெனோனைற்றுகளின் குதிரை வண்டிகளை இன்றும் காணலாம்.

பழங் குடியேறிகளின் வண்டித்தடங்களைப் பின்பற்றி எழுந்தமையால் வீதிகள் நேர்கோட்டில் அமையவில்லை. கிங் வீதியும் வெபர் வீதியும் இவ்விரட்டை நகரில் மூன்று இடங்களில் ஒன்றையொன்று குறுக்கிடும். ஆகவே, அவ்விரு வீதிகளும் சந்திக்கும் மூலையில் எனக்காகக் காத்திருங்கள் என்று எவரேனும் கூறினால், எந்த மூலை என்று மறவாது கேட்கும்படி அத்தந்தையாரிடம் சொல்லி அனுப்பினேன்.