பேரரசர் முகத்தில் ஒரு வெட்டு

இன்னைக்கு நாம பேசப்போறது ரோமானியக் காசுகளைப் பத்தி.

உங்க உள்ளங்கையில ஒரு பழைய வெள்ளிக்காசு இருக்குன்னு வெச்சுக்கோங்க. நம்ம ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் சின்னது. ஒரு பக்கம் இலைக் கிரீடம் சூடிய ஆண் முகம், சுத்தி எழுத்துகள். மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இது யாரோட காசு?

முகத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, எழுத்தையும் படிங்க. லத்தீன் முழுசாத் தெரியணும்னு அவசியமில்லை. இடம் பத்தாததால ரோமானியர்கள் எல்லாத்தையும் சுருக்கித்தான் பொறிச்சாங்க. 'யு' வர வேண்டிய இடத்துல 'வி' இருக்கும். 'ஏவிஜி'ன்னு இருந்தா அது அகஸ்டஸ். ஆனா அவசரப்படக் கூடாது. முதல் பேரரசருக்குக் கொடுத்த அந்தப் பட்டத்தைப் பின்னாடி வந்தவங்களும் வெச்சுக்கிட்டாங்க. நம்ம காசுல வாசகம் 'டிஐ'ன்னு ரெண்டு எழுத்தோட தொடங்குது. அப்போ இவர் திபேரியஸ், கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர். பின்பக்கம் இருக்கும் பெண், அவரோட அம்மா லிவியான்னு பலர் நினைக்கிறாங்க.

முகம், எழுத்து, பின்பக்கப் படம், உலோகம், எடை. இந்த அஞ்சையும் கேட்லாக்கோட ஒப்பிட்டா, காசு எங்க, எப்போ அச்சானதுன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். ஆனா அதுக்கப்புறம் அந்தக் காசுக்கு என்ன ஆச்சு? அதை எந்த கேட்லாக்கும் சொல்லாது.

அதுக்கு நம்ம ஊர்லயே ஒரு சாட்சி இருக்கு. யவனர்கள் கப்பல்ல பொன் கொண்டுவந்து மிளகு வாங்கிப் போனதை அகநானூறு பேசுது. அந்த வணிகத்தோட தடயமா கோவை, கரூர் பக்கமெல்லாம் ரோமானியக் காசுகள் கிடைச்சிருக்கு.

1898-ல், புதுக்கோட்டை சமஸ்தானத்துல கருக்காக்குறிச்சி பக்கம் ஒரு புதையல் வெளிப்பட்டது. மொத்தம் 501 ரோமானியப் பொற்காசுகள். அகஸ்டஸ் காலத்துல தொடங்கி வெஸ்பாசியன் காலம் வரைக்குமானவை. அதுல பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட காசுகள்ல, பேரரசரோட முகத்து மேலேயே உளியால ஒரு வெட்டு!

விலை பேசுறவங்க கண்ணுக்கு அது 'டேமேஜ்'. ஆனா வரலாறு அந்த வெட்டுலதான் இருக்கு. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹில் இந்தக் காசுகளை ஆராய்ஞ்சார். தேய்ஞ்ச காசுகளைப் புழக்கத்துல இருந்து எடுக்கத்தான் வெட்டினாங்கன்னு அவர் நினைச்சார். உள்ளேயும் தங்கம்தானான்னு சோதிச்ச வெட்டுன்னு இன்னொரு விளக்கமும் உண்டு. இதுல எது சரியா இருந்தாலும் ஒண்ணு தெரியுது. ரோமில் அந்த முகம்தான் காசுக்கு உத்தரவாதம். இங்க அந்த முகத்துக்கு அதிகாரம் இல்லை, தங்கத்துக்குத்தான் மதிப்பு. சில காசுகளில் ஓட்டை போட்டு நகையாவும் மாட்டிக்கிட்டாங்க.

இன்னொரு விஷயம் பாருங்க. ஒரு புதையல் எப்போ புதைக்கப்பட்டதுன்னு எப்படித் தெரியும்? அதுல இருக்கிற கடைசிக் காசை வெச்சுத்தான். வெஸ்பாசியன் ஆட்சிக்கு வந்தது கி.பி. 69-ல். அவர் காசு இதுல இருக்கு. அப்போ புதைச்சது அதுக்கு முன்னாடி இருக்கவே முடியாது. இப்போ யோசிங்க. புதையலை எடுத்தவங்க பங்கு பிரிச்சு, வெஸ்பாசியன் காசுகளை மட்டும் உருக்கிட்டாங்கன்னா? மீதி எல்லாம் பத்திரமா இருந்தும் நாம தேதியைத் தப்பாத்தான் சொல்லியிருப்போம்.

அதனாலதான், எங்க கிடைச்சதுன்னு தெரியாம விற்பனைக்கு வர்ற பளபளப்பான காசைப் பார்த்தா வருத்தமா இருக்கு. அது ரோமைப் பத்தி ஏற்கெனவே தெரிஞ்சதைத் திரும்பச் சொல்லும். யார் வெச்சிருந்தாங்க, கூட என்னென்ன இருந்தது, ஏன் புதைச்சாங்க, இதெல்லாம் அதோட இடத்தோடயே போச்சு.

உங்க ஊர்ல வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ பழைய காசு கிடைச்சா, புளி போட்டுத் தேய்க்காதீங்க. இருந்த இடத்தோட போட்டோ எடுங்க. எல்லாக் காசையும் ஒண்ணா வைங்க. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுல புதைஞ்சு கிடைக்கிற பொருள் 10 ரூபாய்க்கு மேல பெறும்னா மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கணும்.

அடுத்த முறை மியூசியத்துல ரோமானியக் காசைப் பார்த்தா, பேரரசர் பேரைப் படிச்சதோட நகர்ந்துடாதீங்க. வெட்டு இருக்கா, ஓட்டை இருக்கா, தேய்மானம் எவ்வளவுன்னும் கொஞ்சம் நின்னு பாருங்க.