பல்கலைக்கழக நூலகர்

பல்கலைக்கழக நூலகர் என்பவர் ஒரு பல்கலைக்கழகத்தின் மைய நூலகத்துக்கும் அதையொட்டிய துறை நூலகங்களுக்கும் பொறுப்பான கல்விசார் அலுவலர். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய வரிசைப்படி இவர் பேராசிரியருக்கு இணையானவர். துணை நூலகர் இணைப் பேராசிரியருக்கும், உதவி நூலகர் உதவிப் பேராசிரியருக்கும் நிகர். 2018ஆம் ஆண்டின் நியமன விதிமுறைகள் நூலக அறிவியலில் முதுகலைப் பட்டம், முனைவர் பட்டம், பத்தாண்டு அனுபவம் ஆகியவற்றோடு, புதுமையான நூலகச் சேவைகளைச் செய்து காட்டியதற்கான சான்றையும் கேட்கின்றன. ஆனால் பதவியேற்கும் நாளில் அவர் கையெழுத்திட்டு வாங்குவது சரக்கைத்தான்: சேர்க்கைப் பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு நூலுக்கும் அன்று முதல் அவரே கணக்குச் சொல்ல வேண்டியவர். இருப்பு இடித்தால் ஓய்வுக்காலப் பணப்பயன்கள் நின்றுவிடும் என்ற அச்சம் இத்தொழிலில் தலைமுறை தலைமுறையாக வருவது. நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், பையை எங்கே வைக்க வேண்டும், எந்த அடுக்கு பூட்டியிருக்கும் என்பதையெல்லாம் வாசகரின் தேவையைவிட இந்த அச்சமே பல இடங்களில் தீர்மானிக்கிறது. அச்சம் இயல்பானது, ஆனால் விதிகளைக் கூர்ந்து படித்தால் அதற்குப் பெரும்பாலும் ஆதாரம் இல்லை.

இந்தப் பதவிக்கு இந்தியாவில் ஓர் உருவம் கிடைத்தது சென்னையில். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. சில நாள்களிலேயே கல்லூரிக்குத் திரும்பக் கேட்டார். லண்டனில் பயிற்சி முடித்துவந்த பிறகும் இதே மனநிலை இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே யூனிவர்சிட்டி கல்லூரியில் படித்து, குராய்டன் பொது நூலகத்தில் வேலை பழகி, 1925இல் திரும்பியவர் கணிதத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை. வாசகர் அடுக்குகளுக்கு இடையே தாமே நடந்து நூலெடுக்கும் திறந்த அடுக்கு முறையைக் கொண்டுவந்தார்; நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, நூல் இருப்பது பயன்பாட்டுக்கே என்ற கருத்தை நிறுவுவது. நான்காவது, வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது. 1933இல் வந்த கோலன் பகுப்பு முறையையும் இந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். அடுக்கு திறந்தால் நூல்கள் பொருள்வாரியாக அருகருகே நிற்க வேண்டும். இல்லையேல் வாசகர் உள்ளே நுழைந்தும் பயனில்லை. பகுப்பெண்ணை வெறும் தேர்வுப் பாடமாக மனப்பாடம் செய்யும் நம் நூலக அறிவியல் மாணவர்களுக்கு இந்தத் தொடர்பு சொல்லித்தரப்படுவது அரிது.

அச்சத்துக்கு எதிரான வலுவான ஆதாரம், வேடிக்கையாக, நிதித் துறையிடமிருந்தே வருகிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆம் விதி நூலகங்களின் இருப்புச் சரிபார்ப்பைப் பற்றியது. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. 20,000 முதல் 50,000 வரை என்றால் மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது. அதற்கு மேல் போனால் மூன்றாண்டுக்கு மிகாத இடைவெளியில் மாதிரிச் சரிபார்ப்பு போதும். அடுத்து வருவதுதான் முக்கியம்: ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது உள்ளேயே பார்வையிடப்பட்ட ஒவ்வொரு 1,000 நூல்களுக்கும் ஐந்து வரை இழப்பு ஏற்பட்டால், நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இல்லாத பட்சத்தில், அது நியாயமான இழப்பு. இங்கே கணக்கின் அடிப்படை இருப்பு அல்ல, புழக்கம். ஆண்டில் ஒரு லட்சம் முறை நூல்கள் கைமாறும் நூலகத்துக்கு 500 நூல்வரை விலக்கு உண்டு. கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்த நூலகத்துக்கு ஏறக்குறைய எதுவுமில்லை. அதாவது, வாசகரை உள்ளே விடும் நூலகருக்கே விதி அதிகப் பாதுகாப்புத் தருகிறது. இந்தப் பாதுகாப்பைப் பெற அவர் செய்ய வேண்டியது, மேசையில் விடப்பட்ட நூல்களையும் எண்ணிப் பதிவு செய்வது. புழக்கப் பிரிவில் வெளியே போகும் நூல்களை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டு, உள்ளே படிக்கப்பட்டவற்றை எண்ணாமல் அடுக்கில் திருப்பி வைக்கும் வழக்கம் நூலகருக்கே எதிரானது.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. பொதுப் பணத்தில் வாங்கிய பொருள் தொலைவதற்கு அளவுகோல் வைத்தால் திருட்டுக்குக் கதவு திறந்ததாகாதா என்பது முதல் கேள்வி. அதே விதி, 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும், விலை எதுவானாலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்கச் சொல்கிறது. ஆகவே கதவு முழுதாகத் திறக்கவில்லை. சொல்லப்போனால் சிக்கல் வேறு பக்கம் இருக்கிறது: இன்று மருத்துவ, பொறியியல் பாடநூல்கள் பல 1,000 ரூபாயை எளிதில் தாண்டுகின்றன. வரம்பு அப்படியே நிற்க விலை ஏறுவதால், சலுகை ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தத்தம் தணிக்கை முறை உண்டு, மத்திய விதி அவற்றைக் கட்டுப்படுத்தாது என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான், ஆனாலும் தணிக்கையாளர் முன் எடுத்துக்காட்டத் தகுந்த முன்மாதிரியாக அது பயன்படும். மூன்றாவது மறுப்பு ஆள் பற்றாக்குறை, இதுவே எல்லாவற்றிலும் கனமானது. திறந்த அடுக்கில் நூல் தொலைவதைவிட இடம் மாறிப்போவதே அதிகம். இடம் மாறிய நூல் தேடுபவருக்குத் தொலைந்த நூல்தான். அதைத் தடுக்கும் ஒரே வழி, காலையில் வாசகர் வருமுன் அடுக்கடுக்காகப் பகுப்பெண் பார்த்துச் சரிசெய்வது. நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் நூலகத்தில் இந்த வேலைதான் முதலில் கைவிடப்படுகிறது. அடுக்குகளை மூடிவிட்டாலும் ஆள் தேவை குறைவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: வாசகர் கேட்கும் ஒவ்வொரு நூலுக்கும் யாராவது உள்ளே போய்வர வேண்டும். தவிர, கடலோர ஈரக் காற்றில் கரையானும் ராமபாணப் பூச்சியும் கைபடாத அடுக்கில்தான் நிம்மதியாக வாழ்கின்றன.

நூலகரின் நாளில் இவைபோக வேறு பலவும் உண்டு. நிதியாண்டு முடியும் நேரத்தில் துறைகள் மொத்தமாக அனுப்பும் நூல் பட்டியல்கள், விற்பனையாளரோடு தள்ளுபடிப் பேச்சு, தேர்வு முடிந்தவர்களுக்கு ‘நிலுவை இல்லை’ சான்று, தர மதிப்பீட்டுக் குழு கேட்கும் புள்ளிவிவரங்கள். 2018இன் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளுக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஒப்புமை மென்பொருளில் சோதிக்கும் வேலையும் பெரும்பாலும் நூலகத்திலேயே வந்து சேர்ந்தது. பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அந்த எண்ணுக்குள் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டு வரும் ஆய்வாளருக்கு, மேற்கோள் காட்டுவது எப்படி என்று சொல்லித்தர நேரம் கிடைப்பதைப் பொறுத்தே நூலகரின் பயன் இருக்கிறது.

எல்லாம் மின்னிதழாகிவிட்ட காலத்தில் அடுக்கைப் பற்றிய விவாதம் எதற்கு என்று கேட்கலாம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். அரசு சார்ந்த 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். தனித்தனியாகச் சந்தா கட்ட வழியில்லாத சிறிய பல்கலைக்கழகங்களுக்கு இது பெரிய பேறு. ஆனால் காவல் வேலை இதோடு போய்விடவில்லை. ஒரு மாணவர் ஓர் இதழின் கட்டுரைகளை மென்பொருள் கொண்டு மொத்தமாக இறக்கினால் பதிப்பகம் வளாகம் முழுவதற்குமே அணுகலை நிறுத்தலாம். அதைக் கண்காணிப்பதும், நிறுத்திய பிறகு மன்றாடி மீட்பதும் நூலகரே. அச்சு இதழ் ஒன்று தொலைந்தால் பதிவேட்டில் அதன் எண் இருக்கும், விசாரணை நடக்கும். சந்தா முடிந்து ஓர் இதழ் முழுவதும் திரையிலிருந்து மறைந்தால் அதை இழப்பாகப் பதிய எந்தப் பத்தியும் பதிவேட்டில் இல்லை, எந்தத் தணிக்கையாளரும் கேட்பதில்லை. சந்தாக் காலத்தில் வெளியான இதழ்களை அதற்குப் பின்னும் படிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் உண்டா, எந்த ஆண்டுகளுக்கு உண்டு, அந்தக் கோப்புகள் யாரிடம் இருக்கும் என்பவற்றை இதழ்வாரியாகக் கேட்டு எழுதிவைப்பதே இன்று ஒரு பல்கலைக்கழக நூலகர் செய்யக்கூடிய இருப்புச் சரிபார்ப்பு. அதற்கான படிவம் எந்த விதித் தொகுப்பிலும் இல்லாததால், அவர்தான் வரைய வேண்டும்.